அத்தை சொல்லாத தலை வாக்கியம்

என் அத்தை என்னைத் தத்துக் கேட்க வந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இனி வருகிற ஒவ்வொரு வரியும் இந்த வரிக்காக வேலை செய்ய வேண்டும். வேலை செய்யாமல் சும்மா நிற்கிற வரியைக் கண்டால் தாராளமாக அடித்துவிடுங்கள். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வருவார்கள். காபி குடிப்பார்கள். மழை, மூட்டுவலி, அரிசியில் கல் என்று ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள். எழுந்து வாசலுக்குப் போய், ஒரு காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டு, "அப்புறம்… ஒரு விஷயம்" என்பார்கள். அந்த விஷயத்துக்குத்தானே வந்தாய்? உட்கார்ந்ததுமே சொல்லித் தொலைத்தால் என்ன? இந்தக் கோபம் எனக்குப் பத்து வயதில் வந்தது. அப்போது அது கோபமாக வரவில்லை, கொண்டாட்டமாக வந்தது.

நாங்கள் பெங்களூர் சிவாஜிநகரில், கறிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். அப்பா கன்டோன்மென்ட் பேக்கரி ஒன்றில் மாவு பிசைகிறவர். வெள்ளைக்காரப் பட்டாளம் ஊரை விட்டுப் போயிருந்தது, ரொட்டி தின்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. அதில்தான் எங்கள் குடும்பம் பிழைத்தது. அம்மா வீட்டிலேயே தையல்காரர்களுக்குப் பித்தான் துளை கட்டிக்கொடுப்பாள். நாங்கள் நாலு பெண்கள். நான் மூன்றாவது. ஐந்தாவது அம்மாவின் வயிற்றில் இருந்தது.

பள்ளியில் எங்களுக்குக் கட்டுரை வகுப்பு எடுத்த டீச்சர் சிரிக்கவே மாட்டார். சிரிக்காமல் எங்களைச் சிரிக்க வைப்பார். ஒருநாள் மழையைப் பற்றி எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: "மழை பயிருக்கு நல்லது. மழையில் நனைந்தால் சளி பிடிக்கும். பக்கத்து வீட்டில் குடை இருக்கிறது. குடை கறுப்பு. யானையும் கறுப்பு."

டீச்சர் அதை வகுப்புக்கே சத்தமாகப் படித்தார். "மழையில ஆரம்பிச்சு யானையில வந்து நிக்கிறே. இந்தப் பத்திக்கு யாரு தலை? மழையா, யானையா?"

வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. டீச்சர் அதைக் கண்டுகொள்ளவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, "தலை வாக்கியம்" என்று பெரிதாக எழுதினார்.

"ஒருத்தன் தீயணைப்பு ஸ்டேஷனுக்கு ஓடுறான். போய் என்ன சொல்லுவான்? எங்க தாத்தா கட்டின வீடு, மரமெல்லாம் தேக்கு, ஜன்னல் கிழக்குப் பார்த்து இருக்கும், அப்படின்னா? வீடு எரியுதுன்னுதானே கத்துவான்? அதுதான் தலை வாக்கியம். எந்தத் தெரு, எத்தனை பேர் உள்ளே இருக்காங்க, இதெல்லாம் பின்னாடி வரும். பின்னாடி வர்ற ஒவ்வொரு வரியும் தலைக்கு வேலை செய்யணும். வேலை செய்யாத வரியைப் பத்தியை விட்டுத் துரத்து."

துரத்து என்ற சொல் எனக்குப் பிடித்துவிட்டது. உட்கார்ந்து யானையைத் துரத்தினேன். குடையைத் துரத்தினேன். பயிரையும் துரத்தினேன், எங்கள் சந்தில் ஏது பயிர்? கடைசியில் ஒன்றுமே மிஞ்சவில்லை. பிறகு புதிதாக எழுதினேன்: "மழை வந்தால் எங்கள் வீட்டில் முதலில் நனைவது அடுப்புதான். அடுப்புக்கு மேலே ஓடு உடைந்திருக்கிறது. அம்மா விறகை வாரிக் கட்டிலுக்கு அடியில் போடுவாள். அன்றைக்குச் சோறு கிடையாது. அப்பா கொண்டுவரும் ரொட்டிதான். அதனால் எனக்கு மழை பிடிக்கும்."

டீச்சர் இரண்டு தடவை படித்தார். "கடைசி வரி தனிக்கட்சி ஆரம்பிக்குது. பரவாயில்லை, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி ஒரு சரி போட்டார். அந்தச் சரி பக்கத்தின் பாதிக்கு இருந்தது. நான் வீடு வரைக்கும் ஓடியே போனேன்.

அதற்கப்புறம் வந்ததுதான் விளையாட்டு. டீச்சர் ஒரு பத்தியின் தலையை வெட்டிவிட்டு மீதியைப் படிப்பார். உடம்பைப் பார்த்துத் தலை எது என்று நாங்கள் சொல்ல வேண்டும். "ஜட்காக்காரர் சாட்டையைக் கீழே போட்டார். குதிரைக்கு முன்னால் போய்க் கும்பிட்டார். புல்லைக் காட்டினார். பின்னால் போய் வண்டியைத் தள்ளினார். வண்டிக்குள் இருந்தவர்கள் இறங்கி நடந்தார்கள். சொல்லுங்க, தலை எது?"

முதல் பெஞ்சுக்காரி எழுந்து, "ஜட்காக்காரர் பக்திமான்" என்றாள்.

"அப்போ புல்லை எதுக்குடி காட்டினார்? குதிரைக்குப் பிரசாதமா?"

நான் கையைத் தூக்கவில்லை. பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டேன். "குதிரை நகர மாட்டேன்னுடுச்சு டீச்சர்!"

"இறங்கு. சரி."

யாரும் சொல்லாத ஒன்றை, சொன்னதிலிருந்தே பிடுங்கி எடுக்கலாம்! எந்த வரியிலும் அது இல்லை, ஆனால் எல்லா வரியும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது! இதைவிடப் பெரிய வித்தையை நான் இதுவரை கற்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. விடும்போது டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார். "வீட்டுல பெரியவங்க பேசறதைக் கவனிங்க. தலை எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சுத் திங்கக்கிழமை வந்து சொல்லணும்."

அன்றைக்குச் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டேன். பால்காரம்மா வந்தாள். பாதி கன்னடம், பாதி தமிழ். மாட்டுக்கு வைக்கோல் கிடைக்கவில்லை, கன்று முட்டி முட்டிக் குடிக்கிறது, கிணற்றடியில் வழுக்குகிறது, இந்தக் காலத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை என்று பேசிக்கொண்டே அளந்தாள். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னேன், "அம்மா, இன்னிக்குப் பால்ல தண்ணி ஜாஸ்தி. அதுதான் தலை."

பால்காரம்மா படியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏனம்மா இது! ஈ ஹுடுகி பாயி நோடு!" என்று, இந்தப் பெண்ணின் வாயைப் பார் என, என் வாயைக் காட்டிக் கத்தினாள். அம்மா என் தலையில் குட்டினாள். பால்காரம்மா போனதும் செம்பைச் சாய்த்துப் பார்த்தாள். "பாவி மவ, கரெக்டாத்தான் சொன்னே" என்று சிரித்தாள். முதுகில் சிறகு முளைத்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் கோலார் தங்கவயலிலிருந்து அத்தையும் மாமாவும் வந்தார்கள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அப்பாவின் அம்மா சீக்கிரமே போய்விட்டதால், அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவள் சொல்லுக்கு அப்பா மறுத்துப் பேசி நான் கண்டதில்லை. மாமாவுக்குச் சுரங்கத்தில் வேலை. குழந்தை கிடையாது. அது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் நாற்காலி கிடையாது என்பது போல ஒரு சங்கதியாகத்தான் தெரியும்.

அது அவரைக்காய்க் காலம். பெங்களூர் முழுக்க அவரை வாசனை அடிக்கும். ராத்திரியே ஊறப்போட்ட அவரைக்கொட்டையைக் கூடத்தில் கொட்டி, நாங்கள் சுற்றி உட்கார்ந்து தோலைப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். அத்தை உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பாவாடையை எடுத்தாள். பச்சைப் பாவாடை, சிவப்புக் கரை. என்னைக் கூப்பிட்டு இடுப்பில் வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு?" என்றாள் என் பெரியக்கா.

"உங்களுக்கெல்லாம் அடுத்த தடவை கண்ணு" என்றாள் அத்தை. அவர்களுக்குக் கடலை மிட்டாய்.

எனக்குள் மணி அடித்தது. இதுவும் ஒரு வரிதானே? ஒரு பருப்பை எடுத்துத் தனியாக வைத்தேன்.

மாமா பேச ஆரம்பித்தார். கம்பெனி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்களாம். இரண்டு அறை, ரெண்டு பேருக்கு எதற்கு என்றார். ஒரு பருப்பு. வீட்டுக்குப் பின்னாலேயே பள்ளிக்கூடம், அங்கே மணி அடித்தால் அடுப்படியில் கேட்கும் என்றார். இன்னொரு பருப்பு. காய்ச்சல் தலைவலி என்றால் கம்பெனி ஆஸ்பத்திரி, மருந்துக்கு அலைய வேண்டாம் என்றார். பருப்பு. ராத்திரி ஷிப்டுக்கு இவர் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டால் அத்தை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பாளாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்கிறார்களாம். பருப்பு.

"நீ பாவம்" என்றாள் அத்தை அம்மாவைப் பார்த்து. "இடுப்பு ஒடிய வேலை. இதுல அஞ்சாவது வேற. எப்படித்தான் சமாளிக்கிறியோ."

"ஏதோ ஓடுது அண்ணி" என்றாள் அம்மா. அவள் முகம் சரியாக இல்லை. பிதுக்கிய பருப்பையே திரும்ப எடுத்துப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

நடுநடுவே மாமா சேலத்து மாம்பழத்தைப் பற்றியும் புதிதாக வந்த பஸ்ஸைப் பற்றியும் பேசினார். அவற்றுக்கு நான் பருப்பு வைக்கவில்லை. துரத்திவிட்டேன். ஜட்காக் குதிரையைவிட இது பெரியது. இது நிஜமான பத்தி. தலையே இல்லாமல் இவ்வளவு நீளமாக ஒருவர் பேசிக்கொண்டு போகிறார், நான் ஒருத்திதான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சொந்தக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையைக் கேட்டு வாங்கக் கூடாது. கேட்டு வாங்கிய பிள்ளை அந்த வீட்டில் தங்காது என்று பயம். பெற்றவர்கள் தாங்களாக வாய் திறந்து, "இதை நீங்க வச்சு வளருங்க" என்று கொடுக்க வேண்டும். வேண்டும் என்று வந்தவர்கள் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசலாம். பேசிப் பேசிப் பெற்றவர்களின் வாயைத் திறக்க வைக்க வேண்டும். நடுவில் யாராவது "கேட்க வந்தார்கள்" என்று சொல்லிவிட்டால் காரியம் கெட்டது. இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நாலு பெரியவர்கள் உட்கார்ந்து என்னைக் கைமாற்றுவதற்கு இவ்வளவு நாகரிகம். அந்த நாலு பேரில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

அப்பா தொண்டையைக் கனைத்தார்.

அப்பா கனைத்தால் ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். அம்மா கையை நிறுத்திவிட்டாள். அத்தை சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"அக்கா" என்றார் அப்பா. "நானே சொல்லணும்னு நினைச்சேன்…"

எனக்குத் தாங்கவில்லை. அவர் சொல்லிவிட்டால் நான் கண்டுபிடித்ததாக ஆகாதே! எழுந்து நின்று, தனியாக வைத்திருந்த பருப்பையெல்லாம் உள்ளங்கையில் அள்ளி நீட்டிக் கத்தினேன்.

"அத்தையும் மாமாவும் என்னைத் தத்துக் கேக்க வந்திருக்காங்க! அதுதான் தலை!"

என் தங்கை மிட்டாயைக் கடித்தது கூடம் முழுக்கக் கேட்டது.

"ஐயையோ!" என்றாள் அத்தை. முகம் வெளுத்துவிட்டது. "யாருடி சொன்னது? நாங்க எங்கே கேட்டோம்? சும்மா தம்பியைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம். கேக்கலைடா தம்பி, நான் கேக்கவே இல்லை!"

அப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். அம்மா அவ்வளவு வேகமாகப் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"அதானே! அண்ணி அப்படியெல்லாம் மனசுல நினைப்பாங்களா? எம் புள்ளைங்கமேல எவ்வளவு உசுரு அவங்களுக்கு! பெத்தவகிட்டேருந்து பிரிப்பாங்களா? நீ வாயை மூடு கழுதை. அண்ணி, நீங்க மனசுல வச்சுக்காதீங்க. எழுந்திரிங்க, இலை போடறேன்."

அவ்வளவுதான். கதவு சாத்தியாகிவிட்டது. அம்மா அதை இரண்டு கையாலும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இப்போது நினைத்தால் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

அப்போது நான் கைதட்டவில்லை. தரையில் உட்கார்ந்து காலை உதைத்தேன். எப்படித் தப்பாகும்? ஜட்கா சரி, பால் சரி, இது மட்டும் எப்படித் தப்பு?

"பொய்! கேக்கத்தான் வந்தீங்க! பாவாடை எனக்கு மட்டும் எதுக்கு? ரெண்டு ரூம் எதுக்கு? பள்ளிக்கூட மணி யாருக்கு அடிக்குது, மாமாவுக்கா? எல்லா வரியும் அதுக்குத்தான் வேலை செய்யுது! என்னைத்தான் கேட்டீங்க! என்னைத்தான்!"

மாமா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "டேய் மச்சான், இதை வக்கீலுக்குப் படிக்க வை. கோர்ட்டே காலியாயிடும்."

அப்பா சிரிக்கவில்லை. என் முதுகில் ஒன்று வைத்தார். மாவு பிசைகிற கை. பிதுக்கின பருப்புக் குழம்பை அன்றைக்கு நான் அழுதுகொண்டே தின்றேன். அழுகை அடிக்காக இல்லை. மதிப்பெண்ணுக்காக.

சாயங்காலம் அவர்கள் கிளம்பினார்கள். அப்பா கன்டோன்மென்டில் இருந்த தண்டு ஸ்டேஷன் வரைக்கும் போய் ரயிலேற்றிவிட்டு வருவதாகச் சொன்னார். "அவளும் வரட்டுமே" என்றாள் அத்தை. அம்மா ஒரு நிமிஷம் என் சடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்பா கையை விடாதே" என்று சொல்லி விட்டாள். பாவாடையை அத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் அதைக் கட்டிக்கொண்டுதான் நடந்தேன். கோபம் வேறு, பாவாடை வேறு.

ஸ்டேஷனில் அப்பாவும் மாமாவும் டிக்கெட் வாங்கப் போனார்கள். நானும் அத்தையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அத்தை என் பாவாடைக் கரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கூசியது. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"ஏண்டி கண்ணு, அவ்வளவு கத்தினியே. எங்களோட வரணும்னு உனக்கு ஆசையா?"

"ஐய, நான் எதுக்கு வரணும்?" என்றேன். "நாளைக்கு ஸ்கூல் இருக்கு. டீச்சர் வீட்டுப்பாடம் கேப்பாங்க. நான் சொன்னது சரியா தப்பா, அதை மட்டும் சொல்லுங்க."

அத்தை தண்டவாளத்தைப் பார்த்தாள். தூரத்தில் சிக்னல் கை இறங்கியது.

"சரிதான்டி" என்றாள்.

"முழுக்கச் சரியா?"

"முழுக்கச் சரி."

நான் பெஞ்சிலிருந்து குதித்தேன். பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். டிக்கெட்டோடு வந்த அப்பாவின் மேல் போய் மோதி, "அத்தை ஒத்துக்கிட்டாங்க! நான் சொன்னதுதான் சரி!" என்று கத்தினேன். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை மூட்டையின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

ரயில் வந்தது. மாமா ஏறி, ஜன்னலோரம் துண்டைப் போட்டு அத்தைக்கு இடம் பிடித்தார். அத்தை அங்கே உட்காரவில்லை. உள்பக்கமாகத் தள்ளிப்போய், நான் எவ்வளவு எம்பினாலும் முகம் தெரியாத ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஜன்னலுக்குக் கீழே நின்று, வண்டி நகர்கிற வரைக்கும் கையை ஆட்டினேன். அவ்வளவு பேரில் உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதானே.

வெயில் அந்தப் பக்கம்தான் அடித்தது. அதனால்தான் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.